குலுக்கிப் போட்ட ஆட்டம்

மரக்காணம் உப்பளத்தில் பரிசோதனைக்காகத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போன அன்று, பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. வரப்பின் மேல் ஓடி மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்தேன். உள்ளே மோட்டார் ஓட்டுகிறவர் செல்போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தார். உப்பு தின்று வெடித்த பாதங்கள், இமைக்காத கண்கள்.

பள்ளி நாட்களில் நான் ஆடி முடித்த பழைய கேம்தான். ஆனால் இது கதவு, பெட்டி, அரக்கன் எல்லாவற்றையும் இடம் மாற்றிக் குலுக்கிப் போட்ட பதிப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவருடைய வீரன் ஒவ்வோர் அடிக்கு முன்பும் வாளால் தரையைத் தட்டிப் பார்த்தான். எனக்குப் பொறுமை இல்லை.

“அது வைத்தியர் வீடுங்க. பயப்படாம உள்ள போங்க,” என்றேன்.

போனார். ஆட்டத்தின் கடைசி அரக்கன் அங்கே நின்றிருந்தான். மூன்று வாரம் வளர்த்த வீரன் ஒரே அடியில் செத்தான்.

அவர் கோபப்படவில்லை. “தெரியாத எடத்துல நாமளே உஷாரா இருப்போம் சார். தெரிஞ்ச எடம்னு போனாத்தான் சாவு.”

மழை விட்டதும் வந்த வரப்பிலேயே கிளம்பினேன்.

“நில்லுங்க சார்!”

கம்போடு எனக்கு முன்னால் வந்து, அந்த வீரனைப் போலவே தட்டித் தட்டி நடந்தார். பத்தாவது அடியில் கம்பு அவர் கைவரைக்கும் உள்ளே இறங்கியது. மேலே கெட்டியாகத் தெரிந்த வரப்பு அடியில் கூழாகியிருந்தது. சற்று முன் அதன் மேல்தான் ஓடி வந்திருந்தேன்.

“வேற வழி இருக்குதா?”

“காலையில இருந்துச்சு,” என்றார்.

இன்றும் என் வீட்டுக் கதவைத் திறக்கும்போது அந்தப் பதில் கேட்கிறது.