பரங்கிப்பேட்டை முகாமின் மருந்துப் பெட்டி

நெல்லிக்குப்பம் தடுப்பூசி முகாமில் இருந்தபோது மரியதாஸ் சாரின் மனைவி போன் செய்தார். "சார் போயிட்டாரும்மா. காலையில காபி கேட்டாரு, கொண்டாந்து குடுக்கறதுக்குள்ள..." வரிசையில் நின்ற குழந்தைகளுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டுத்தான் சிதம்பரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன்.

சுனாமிக்குப் பிறகு கடலூர் சுகாதார அலுவலகத்தில், வெளிநாட்டு மருத்துவக் குழுக்களைக் கவனிக்கும் பொறுப்பு சாருக்கு. நான் நர்ஸாக இருந்த பரங்கிப்பேட்டை முகாமுக்கும் ஒரு குழு வந்தது. அவர்கள் வைத்தியம் பார்க்கலாமா கூடாதா என்று டெல்லியிலிருந்து பதில் வரவில்லை. நம் டாக்டருக்கோ, தன் முகாமில் இவர்களுக்கு என்ன வேலை என்று கோபம். சார் நாற்காலிகளை எடுத்து வெளியே போட்டார். பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு டாக்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். "அவுங்க பார்த்துச் சொல்லட்டும், நம்ம டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். யாரு பெரியவங்கங்கற பேச்சே வேணாம்" என்றார். சாயங்காலம் இருவரும் ஒரே பொட்டலத்து முந்திரியைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்தக் குழு கொண்டுவந்த மருந்துப் பெட்டிகளை, அனுமதிக் கடிதம் வரும்வரை திறக்கக் கூடாது என்று உத்தரவு. காலில் சீழ் பிடித்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு வேண்டிய மருந்து அதற்குள் இருந்தது. அவள் முனகலைக் கேட்டுப் பொறுக்க முடியாமல் நான் ஒரு பெட்டியின் முத்திரையை உடைத்து மருந்தை எடுத்தேன். மறுநாள் அதிகாரி விசாரிக்க வந்தார். நான் எழுந்திருப்பதற்குள் சார், "நான்தான் திறந்தேன்" என்றார்.

ஏன் சார் என்று பிறகு தனியாகக் கேட்டேன். "வெளிநாட்டுக்காரங்க திறந்தாங்கன்னு சந்தேகம் வந்தா மொத்தக் குழுவையும் திருப்பி அனுப்பிடுவாங்க. உன் பேரைச் சொன்னா, நீ தற்காலிகம், நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்னை மாத்தத்தானே முடியும்?"

மாற்றினார்கள். சிதம்பரத்தில் ஒரு மூலையில் பதிவேடு எழுத வைத்தார்கள். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு போனது. எனக்கு வேலை நிரந்தரமானது.

எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பவள் என்று பெயரெடுத்த நான், இதில் மட்டும் ஏழு வருடம் ஊமையாக இருந்தேன். ஒருமுறை போய், "உண்மையைச் சொல்லிடறேன் சார்" என்று நின்றேன். "உன் பிள்ளைங்க படிச்சு முடிக்கட்டும், அப்புறம் சொல்லு" என்று அனுப்பிவிட்டார். பிள்ளைகள் போன வருடமே முடித்துவிட்டார்கள். பாவி நான், அப்புறமும் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தில், அவரோடு வேலை பார்த்த ஒருவர், "நல்ல மனுஷன். அந்தப் பெட்டி விஷயத்துல மட்டும் அவசரப்பட்டுட்டாரு" என்றார்.

அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். சார் அவசரப்படவில்லை. பெட்டியைத் திறந்தது நான். அவர் கொடுத்ததாக என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த வேலை ஒன்றுதான். அலுவலகத்தில் இதைப் படித்தபின் அதுவும் இருக்குமா தெரியாது. போனால் போகட்டும்.