ஜொய்சி வீட்டு மலைப்பாம்புகள்

மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் தமிழ் ஆட்களிடம் ஜொய்சி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். பாம்புக்காரி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், அந்த வளைந்த இரும்புப் படிக்கட்டின் அடியில் விட்டுவிட்டு, தாங்கள் மேலே ஏறாமல் ஓடிவிடுவார்கள். நானும் அவளைப் பாம்புக்காரி என்றுதான் சொல்கிறேன். ஆனால் நான் மரியாதையோடு சொல்கிறேன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, பிறகு ஒருபக்கமாக எழுதிவிட்டாய் என்று யாரும் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம்.

ஜொய்சி இலங்கையில் மன்னார் பேசாலைக்காரி. ஐம்பதைத் தாண்டிவிட்டாள். நகர நடுவிலுள்ள ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் பகுதியில் வேலை. தம்பி யோசெப்பைக் கனடாவுக்குக் கூப்பிட்டு, படிப்பித்து, கலியாணமும் செய்துவைத்தாள். அவன் நகருக்கு வெளியே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கிப் போனபிறகு மூன்றாம் மாடி வாடகை வீட்டில் தனியே இருக்கிறாள். ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டவர்களுக்கு, "நீங்கள் கட்டினதைப் பாத்துத்தான்" என்று சொல்லி வாயை அடைத்தவள்.

மொன்ட்ரியாலில் ஜூலை முதலாம் திகதி என்றால் ஊரே வீடு மாறும். வேண்டாத சாமானெல்லாம் நடைபாதைக்கு வந்துவிடும். அப்படி ஒரு வருடம் பக்கத்து வீட்டுப் பெடியன் காலிபண்ணிப் போனபோது, உடைந்த சோபாவுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி கிடந்தது. உள்ளே இரண்டு பந்துகள், கபிலமும் மஞ்சளுமாய்த் திட்டுத்திட்டாக. குனிந்து பார்த்தால் இரண்டுக்கும் செதில்! மலைப்பாம்பு இனம்தான், ஆனால் குட்டையானது. 'போல் பைதன்', அதாவது பந்து மலைப்பாம்பு என்று பிராணிகள் விற்கும் கடையில் சொல்வார்கள். பயந்தால் இது பெரும்பாலும் கடிக்க வராது. பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும்.

மற்றவர்கள் வீதியின் மறுபக்கம் போனார்கள். ஜொய்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். வீட்டுக்காரரிடம் கேட்டாள், குரைக்காது என்றால் வைத்துக்கொள் என்று அவர் தோளைக் குலுக்கினார். தம்பி மட்டும் போனில் குதித்தான்.

"அக்கா, சனம் என்ன சொல்லும்?"

"சனம் றோட்டில போட்டதைத்தான் நான் எடுத்தனான். சனத்தை வாயை மூடச் சொல்லு."

அதற்குப் பிறகு அவள் படித்ததைப் பார்த்து நானே அசந்துபோனேன். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாதாம். ஒன்று சூடான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மற்றது ஒடுங்கியே செத்துப்போகும். ஆகவே ஆளுக்கொரு பெட்டி வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் இதம், இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு குகை. சூடு கூடாமல் குறையாமல் பார்க்க ஒரு கருவி. குளிர்காலத்தில் இங்கே வீட்டு ஹீற்றர் காற்றை அப்பளமாகக் காயவைத்துவிடும், அதில் பாம்புக்குத் தோல் துண்டுதுண்டாகத்தான் உரியும். அதனால் ஈரப்பாசி போட்ட பெட்டி ஒன்றும் உள்ளே வைத்தாள். பெண்பாம்பு பெரியவள், ஆண்பாம்பு சின்னவன். சின்னவன் குளிர்காலத்தில் மாதக்கணக்காகச் சாப்பிடாமல் கிடப்பான். முதல் வருடம் பதறி மருத்துவரிடம் ஓடினாள். இப்போது, "அவர் தவக்கால உபவாசத்தை முந்தித் தொடங்கிட்டார்" என்று சிரிக்கிறாள்.

கீழ்வீட்டு ஜெகதீஸ்வரி யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. ஒரு வெள்ளிக்கிழமை பாலும் முட்டையுமாக வந்து வாசலில் நின்றாள். ஜொய்சி உள்ளே விட்டாள், கும்பிட விட்டாள், பாலை மட்டும் விடவில்லை.

"பால் குடிச்சால் வயிறு கெட்டுச் செத்துப்போகும் அக்கா. இது சாமி இல்லை."

"அப்ப என்ன, சாத்தானோ?" என்று ஜெகதீஸ்வரி கேட்டாள்.

"அதுவும் இல்லை. பாம்பு. எலி தின்னும், நித்திரை கொள்ளும்."

அந்த எலிதான் வினையாக வந்தது. உயிரோடு கொடுத்தால் எலி பாம்பைக் கடித்துவிடும் என்பதால் உறைந்த எலிகளைத்தான் வாங்குவாள். வாங்கியதை எதில் வைப்பாள்? நம் சனம் எல்லாவற்றையும் எதில் வைக்குமோ அதில்தான். ஐஸ்கிறீம் முடிந்தால் பெட்டியைக் கழுவி, கறியை நிரப்பி, பிறீசரில் அடுக்காத தமிழ் வீடு கனடாவில் உண்டா?

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் ஒக்டோபர் மாதம் மாதா சுரூபம், மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டில் செபமாலை, பிறகு சாப்பாடு, அடுத்த பின்னேரம்வரை மாதா அந்த வீட்டில் தங்குவா. போன வருடம் ஜொய்சியின் முறை வந்தது. பாம்பு அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெள்ளை விரித்து மாதாவுக்கு மேசை போட்டிருந்தாள். செபமாலை பாதியில் இருக்கும்போது அல்போன்சம்மா உதவி செய்வோம் என்று குசினிக்குப் போனா. எழுபது வயது, அடுத்தவர் பிறீசரைத் திறப்பதைத் தன் உரிமை என்று நினைப்பவ. ஒரு பெட்டியை எடுத்தா, நண்டுக்கறி என்று முடிவுபண்ணினா, மைக்ரோவேவில் வைத்தா. திறந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில், குழுவுக்குப் பாட்டுப் பிடிக்கிற என் பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

எலி எதற்கு என்று கேட்டார்கள். ஜொய்சி மறைக்கவில்லை, அறைக் கதவைத் திறந்து காட்டினாள். அவ்வளவுதான். செபமாலைக் குழுத் தலைவர் செபஸ்தியாம்பிள்ளை மாதாவை அப்படியே தூக்கினார். பாதிச் செபத்தோடு சனம் படியிறங்கிப் போய்விட்டது. விரித்த மேசை வெறுமையாகக் கிடந்தது. என்ன சொன்னாலும் சிரிக்கிற ஜொய்சி அன்றைக்கு அழுததை நான் பார்த்தேன். தன் ஊர்ப்பக்கத்து மடுமாதாவை நினைக்காமல் ஒரு நாளும் வேலைக்கு இறங்காதவள் அவள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் செபஸ்தியாம்பிள்ளை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "பாம்பு போனால்தான் பிள்ளை, மாதா உன்ர வீட்டுக்கு வருவா."

"அண்ணை, மாதாவின்ர காலுக்குக் கீழ என்ன கிடக்கு? வருஷக்கணக்கா அந்தப் பாம்பையும் சேத்துத்தானே தூக்கிக்கொண்டு திரியிறியள்? உங்கட வீட்டிலயும் ஒரு நாள் தங்கினதுதானே?"

"அது மிதிபட்ட பாம்பு!"

"என்ரது ஒருத்தரையும் ஏமாத்திப் பழம் குடுக்கேல்லை. அதை ஏன் மிதிக்கவேணும்?"

அவர் விறுவிறென்று காருக்குப் போய்விட்டார். அந்த ஒரு வருடமும் கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் முன்வரிசைக்கு மாறினாள், எல்லோரும் தன் முதுகைப் பார்க்கட்டும் என்று.

இந்த ஒக்டோபரில் அவள் முறை திரும்ப வந்தபோது விஷயம் பங்குச் சாமியாரிடம் போனது. அவர் கியூபெக்காரர். பாம்புகள் சுகமா என்று கேட்டுவிட்டு, முறை என்றால் முறைதான், மாதாவைக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். செபஸ்தியாம்பிள்ளைக்கு வேறு வழியில்லை. ஜொய்சி பழையபடி வெள்ளை விரித்தாள். இந்த முறை எலிப்பெட்டியில் பெரிய எழுத்தில் "எலி" என்று எழுதி ஒட்டினாள்.

அன்று முதல் பனி தூறியது. காற்று காதை அறுத்தது. செபஸ்தியாம்பிள்ளை மாதாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த வளைந்த படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறினார். பின்னால் நாங்கள். அல்போன்சம்மா கம்பியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டு வந்தா. ஜொய்சி கதவைத் திறந்து கைகூப்பினாள். அவர் உள்ளே காலை வைக்கவில்லை.

"பிள்ளை, சாமியார் சொன்னதுக்காக வந்தனாங்கள். நீயும் கொஞ்சம் விட்டுக்குடுக்கவேணும். அந்த ரெண்டையும் கொண்டுபோய் காருக்குள்ள வை. செபம் முடியுற வரைக்கும், ஒரு மணித்தியாலம்தானே."

"இந்தக் குளிருக்கோ? அதுகள் தாங்காது அண்ணை. சளி பிடிச்சால் காப்பாத்தேலாது."

"ஒரு மணித்தியாலத்தில ஒண்டும் நடக்காது. மாதாவுக்காக இதுகூடச் செய்யமாட்டியோ?"

ஜொய்சி மாதாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருடமாக அவள் காத்திருந்த முகம். சரி என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"அப்ப மாதாவைக் காருக்குள்ள வையுங்கோ அண்ணை," என்றாள். "அவவுக்குக் குளிராது."

படியில் நின்ற ஒருவர் சிலுவை போட்டார். செபஸ்தியாம்பிள்ளையின் முகம் சிவந்து, கறுத்து, பிறகு ஒரு நிறமும் இல்லாமல் போனது. "இறங்குங்கோ எல்லாரும்!" என்று கத்திவிட்டு மாதாவோடு திரும்பினார்.

நாங்கள் விலகி வழிவிட்டோம். அவர் எங்களைக் கடந்து கீழே போனார். நாங்களும் இறங்கத் திரும்பினோம். அல்போன்சம்மா மட்டும் இறங்கவில்லை.

"மூண்டு மாடி ஏறினனான். இந்த முழங்காலோட திரும்ப இறங்கவோ? தள்ளு பிள்ளை," என்று ஜொய்சியை விலக்கிக்கொண்டு உள்ளே போய், மேசைக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தா. "குசினிப் பக்கம் நான் போகமாட்டன். செபத்தைத் தொடங்குங்கோ."

நான் உள்ளே போனேன். பிறகு ஒவ்வொருவராக, சப்பாத்தைக் கழற்றுகிற சாக்கில் தயங்கித் தயங்கி வந்தார்கள். சத்தம் கேட்டு ஜெகதீஸ்வரியும் ஏறிவந்து ஒரு மூலையில் இருந்தாள். மேசை வெறுமையாகத்தான் இருந்தது. போன வருடம் பாதியில் விட்ட இடத்தில் நான் பாட்டைப் பிடித்தேன். அறை அதிர்ந்தது. ஜொய்சியின் குரல் எல்லோருடையதையும் மிஞ்சிக் கேட்டது.

யாரோ சன்னலால் எட்டிப் பார்த்தார்கள். செபஸ்தியாம்பிள்ளை போகவில்லை. பனிக்குள் நடைபாதையில், மாதாவைத் தன் கோட்டால் போர்த்திப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாவம் மனுசன். சன்னலைக் கொஞ்சம் திறந்துவிடு ஜொய்சி, அவருக்கும் செபம் கேக்கட்டும்," என்றா அல்போன்சம்மா.

"சன்னல் திறக்கேலாது அக்கா, வீட்டுச் சூடு போயிடும்," என்றாள் ஜொய்சி. "கதவு பூட்டாமல்தான் கிடக்கு. ஏறி வரச் சொல்லுங்கோ."