ஓனீட்டா தாண்டிப் படித்த பெயர்

ஹார்கின் கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தில் நேற்று யார் சிறைக்குள் போனார்கள் என்று தெரிந்துகொள்ள காவல் தலைவர் ஷெரிப்பைத் தேடிப் போக வேண்டாம், ஓனீட்டா காம்ஸைக் கேட்டால் போதும் என்பார்கள். பொய்யில்லை. பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ஐந்தரைக்கு ஓட்டுநர்கள் பேருந்துக் கொட்டகையில் கூடுவார்கள். என்ஜின் சூடாகும் வரை இருபது நிமிடம் யாருக்கும் வேலை கிடையாது. ஓனீட்டா ஒரு கையில் காபியும் மறுகையில் போனுமாக, கவுண்டிச் சிறையின் இணையப் பக்கத்தைத் திறப்பாள். சிறைக்குள் இருக்கிற அத்தனை பேரும் அதில் இருப்பார்கள், புதிதாக வந்தவர்கள் மேலே: படம், பெயர், பிறந்த தேதி, வயது, குற்றம், ஜாமீன் தொகை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதே படங்களை அச்சடித்து பெட்ரோல் பங்கில் ஒரு டாலருக்கு விற்கிற பத்திரிகை வாரம் ஒருமுறைதான் வரும். ஓனீட்டா தினசரி.

அவள் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆணா பெண்ணா, வயது என்ன, குற்றம் என்ன என்பதை முதலில் சொல்வாள். பெயரைக் கடைசிவரை விடமாட்டாள். மற்றவர்கள் ஊகிக்க வேண்டும். "ஆண். அறுபத்தொன்று. மாதா கோயில் வாசலில் குடித்துவிட்டுச் சண்டை" என்றால் நாலு பேர் ஒரே பெயரைச் சொல்வார்கள், சரியாகவும் இருக்கும். சிரிப்பில் தகரக் கூரை அதிரும். பட்டியலில் இருக்கிற பாதிப்பேரின் பிள்ளைகள் இன்னும் அரைமணியில் அவள் வண்டியில்தான் ஏறப்போகிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் அவள் ஒரு சொல் தவறிப் பேசியதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அது பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை. இரண்டு பேரை முடித்துவிட்டு மூன்றாவதுக்கு வந்தாள். கொட்டகையில் சிக்னல் மந்தம், எழுத்து முதலில் வரும், படம் ஆடி அசைந்து பிறகு வரும்.

"பெண். ஐம்பத்திரண்டு. மருந்துக்கடையில் திருட்டு, கையில் போதை மாத்திரை" என்றாள்.

"ஐம்பத்திரண்டா? உன் செட்டாச்சே, உனக்குத் தெரியாம இருக்குமா?" என்றான் வெண்டல். அவளைவிடப் பத்து வயது மூத்தவன், பக்கத்து வண்டிக்காரன்.

அவள் பெயரைப் பார்த்தாள். ஓனீட்டா ஜூன் காம்ஸ். பிறந்த தேதியும் அவளுடையது. வாய் பழக்கதோஷத்தில் அதை உரக்கப் படித்தும் விட்டது. எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள், அவள் புதிதாக ஒரு வேடிக்கை கண்டுபிடித்திருக்கிறாள் என்று. அதற்குள் படம் திறந்துகொண்டது. குவளை கைநழுவி சிமெண்டுத் தரையில் உடைந்தது.

படத்தில் இருந்தது அவளுடைய தங்கை டார்லா. கன்னம் ஒட்டி, முன்பல் ஒன்று போய், நாற்பத்தாறு வயதுக்காரி அறுபதுபோல இருந்தாள். பதினான்கு மாதமாக அவளைப் பற்றி ஒரு தகவல் இல்லை. நவம்பரில் பக்கத்து கவுண்டியில் அடையாளம் தெரியாத ஒரு பெண் பிணம் கிடந்தது என்று கேட்டு ஓனீட்டா போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அது வேறு யாரோ. போனதையும் வந்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தங்கை உயிரோடு இருக்கிறாள் என்பதும் தன் பெயரைத் திருடியிருக்கிறாள் என்பதும் ஒரே நொடியில் வந்து மோதியதில், எதற்கு அழுவது எதற்குத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு மணிக்குள் பள்ளிப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் கொட்டகையில் நிற்பது தெரிந்தும், பட்டியலில் பெயர் இருப்பதால் சாவியை வைத்துவிட வேண்டும், ஷெரிப் அலுவலகத்திலிருந்து காகிதம் கொண்டுவந்தால்தான் மறுபடி வண்டி என்று போனில் பேசிய அதிகாரி சொன்னார். போதைக் குற்றம் வேறு. சட்டம் அப்படி. பத்தொன்பது வருடத்தில் ஒரு கண்ணாடிகூட உடைக்காதவள், சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நேரே சிறைக்குப் போனாள்.

ஜன்னலில் பிரேட்டர் என்ற காவலர்ப் பெண் இருந்தாள். ஓனீட்டா, பட்டியலில் தன் பெயரில் இருப்பது தன் தங்கை டார்லா என்று சொல்லி, ஓட்டுநர் உரிமத்தைத் துவாரத்தின் வழியே தள்ளினாள். அந்தப் பெண் உரிமத்தைப் பார்த்தாள், கணினித் திரையைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள். இரவு பதிவு செய்தவர் புதிய ஆள், கைரேகை எந்திரம் பழுது, சொன்ன பெயரை எழுதிவிட்டார்கள் என்று மன்னிப்புக் கேட்டாள். பட்டியலில் பெயரை இன்றே மாற்றிவிடுவதாகச் சொன்னாள். ஆனால் கைது ஓனீட்டா பெயரில் பதிவாகி மாநிலப் பதிவேடு வரை போய்விட்டது. அதை அழிப்பதுதான் பாடு.

"ரெண்டு வழி இருக்கு மேடம். என் பேரத் திருடிட்டாங்கன்னு புகார்ல கையெழுத்துப் போட்டீங்கன்னா இன்னிக்கே காகிதம் தந்துருவோம், திங்கக்கிழமை வண்டி ஓட்டலாம். பொய்ப் பேரு சொன்னதுக்கு எப்படியும் அவங்க மேல சின்னக் கேசு உண்டு, ஆனா இது தனிக் கேசு, அஞ்சு வருஷம் வரைக்கும் போகும். புகார் வேணாம்னா, ஜட்ஜ்கிட்ட மனுப் போடணும். மூணு நாலு மாசம் ஆயிரும்."

ஓனீட்டா அந்த நிமிடமே பேனாவை எடுத்துவிட்டாள். கோபம் அப்படி. முதல் எழுத்துப் போடுவதற்கு முன்னால், அவளை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றாள். மூஞ்சிக்கு நேரே நாலு கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து என்பது எண்ணம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டார்லா ஆரஞ்சு உடையில் வந்து உட்கார்ந்து ரிசீவரை எடுத்தாள்.

"செத்துட்டேன்னு நெனச்சேன்டி," என்றாள் ஓனீட்டா. கேட்க நினைத்தது இது அல்ல. உடனே குரலை உயர்த்தினாள். "உனக்கு எடுத்துக்க என் பேருதானா கெடச்சுது? என் வண்டி போச்சு. ஊரே சிரிக்குது."

டார்லா கண்ணாடியில் ஒரு கீறலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ரெண்டு வருஷம் முன்னாடி இதே எடத்துல ஒம்பது நாள் இருந்தேன். ஒம்பது நாளும் பட்டியல்ல என் பேரு இருந்துச்சு. நீ தெனம் படிக்கிறவ. வருவே வருவேன்னு பாத்தேன்."

ஓனீட்டா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"என் பேரு இருந்தா நீ தாண்டிப் போயிருவே, ஓனி. உன் பேரைத் தாண்ட மாட்டே. அதான்."

டார்லா சொல்வதை நம்ப முடியாது. கிடைத்த மாத்திரைக்குக் கிடைத்த பொய்யைச் சொல்கிறவள். சுத்தமான பெயராக இருந்தால் ஜாமீன் சுலபம் என்று கணக்குப் போட்டும் இருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது நாள் உண்மை. முதல் நாள் காலை கொட்டகையில் படித்துக்கொண்டே வந்த ஓனீட்டா, தங்கையின் பெயர் வந்ததும் மூச்சுவிடாமல் அடுத்த ஆளுக்குத் தாவினாள். அடுத்தவன் கோழி திருடியவன், நல்ல சிரிப்பு. அவமானத்தில் ஒன்பது நாளும் சிறைப்பக்கம் போகவில்லை. பத்தாம் நாள் பட்டியலில் பெயர் இல்லை. கொஞ்ச மாதம் எங்கிருந்தாவது போன் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அதற்கப்புறம் தினமும் பட்டியலை அடிவரை அவள் தேடியதெல்லாம் அந்த ஒரு பெயருக்குத்தான். இருந்தால் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். தங்கையைக் கைவிடமாட்டேன் என்று பெற்ற தாய்க்குச் செய்த சத்தியத்தைவிட ஊர்ச் சிரிப்பு பெரிதாகப் போய்விட்டதே என்று அவள் தன்னையே வெறுத்தாள்.

ஜன்னலுக்குத் திரும்பி வந்தாள். புகார்க் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பித் தள்ளினாள். மனுவுக்கு எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, ஓட்ட வண்டி இல்லாமலே, கொட்டகைக்குப் போனாள். புதுக் குவளையில் காபி ஊற்றிக்கொண்டாள். போனைத் திறந்தாள்.

"பெண். நாற்பத்தாறு. மருந்துக்கடையில் திருட்டு, போதை மாத்திரை, பொய்ப் பெயர்" என்று படித்தாள். யாரும் ஊகிக்கவில்லை. "டார்லா ஃபே காம்ஸ். என் தங்கச்சி. ரெண்டு வருஷம் முன்னாடியும் இதுல வந்தா. நான்தான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

வெண்டல் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு நீ ஒரு ஆளத் தாண்டுனது தெரியும் ஓனீட்டா. அந்தப் பட்டியல் எங்க போன்லயும் தெறக்கும்."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வருடம் முழுக்க அவள் தங்கள் சித்தப்பன் மகனையும் மருமகனையும் படித்துச் சிரித்தபோதெல்லாம் கூடவே சிரித்துவிட்டு, அவள் வீட்டுப் பெயரை ஒருவர்கூட வாயில் எடுக்கவில்லை. என்ஜின்கள் சூடாகிவிட்டன. ஒவ்வொருவராக எழுந்து வண்டிக்குப் போனார்கள், அவளுடைய வண்டியில் ஒரு மாற்று ஓட்டுநர் ஏறினான்.