ஒன்பது பேரில் ஒருவர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு செத்த வீடு. நேசம் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் பக்கத்தில் இருந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். கால்மணி நேரம் அப்படியே இருப்பார். பிறகு தாழ்ந்த குரலில் மூன்று கேள்விகள். "வயசு எத்தினை? பெக்டரியில எந்தப் பக்கம் வேலை? டொக்டர் என்னெண்டு எழுதித் தந்தவர்?" பதிலை அங்கே எழுதுவதில்லை. தெருமுனைக்கு வந்து, மதிலில் கொப்பியை வைத்துப் பென்சிலால் எழுதுவார். "செத்த வீட்டில எழுதுறது மரியாதையில்லை" என்பார். "மறந்துபோறதும் மரியாதையில்லை."

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்பக்க அனெக்ஸில் அவர் இருக்கிறார். அறுபத்தைந்து வயது, கல்யாணம் செய்யவில்லை. முப்பது வருடம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இறப்பு அட்டவணைகள் போட்டவர். 'எல்லாரும்' என்ற சொல் அவர் வாயில் வராது. ஓட்டோக்காரர் எல்லாரும் கள்ளர் என்று ஒருநாள் நான் சலித்துக்கொண்டபோது, "எத்தினை பேரோட போய்ப் பாத்தனீர்?" என்று கேட்டார். நான் மூன்று பேர் என்றேன். "பிறகென்ன கதை?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

ஓய்வு பெற்ற 1986ஆம் ஆண்டில் தொழிற்சங்கக்காரர் ஒருவர் அவரிடம் ஒரு பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்தார். களனிப் பக்கம் கூரைச் சீற் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 1960இல் வேலை செய்த இருநூற்றுப் பதினான்கு ஆண்களின் பெயர்கள். அஸ்பெஸ்டஸ் மூட்டையை உடைத்துக் கொட்டியவர்கள், சீமெந்தோடு கலந்தவர்கள், காய்ந்த சீற்றை வாளால் அறுத்தவர்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் நோயாக வெளிவர இருபது, முப்பது வருடம் எடுக்கும். அதற்குள் ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பான், வேறு ஊருக்குப் போயிருப்பான். ஆகவே ஒவ்வொருவராகத் தேட வேண்டும். நேசம் அக்கா பஸ் ஏறித் தேடத் தொடங்கினார்.

கொழும்பில், யுத்தம் நடந்த அந்த வருடங்களில், ஆண்களின் பெயரும் வயதும் விலாசமும் எழுதிய காகிதத்தோடு ஒரு தமிழ்ப் பெண் திரிவது சின்ன விஷயமல்ல. ஒருமுறை சோதனைச்சாவடியில் சிப்பாய் ஒருவன் கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து, "மே லெயிஸ்துவ மொகடத?" என்று கேட்டான். இது எதற்கான பட்டியல்? அக்கா உள்ளதைச் சொன்னார். "மெரிச்ச மினிஸ்ஸு, மாத்தயா." செத்த மனிதர்கள். பின்னேரம் வரை பொலிஸ் ஸ்டேசன் வாங்கில் இருத்திவைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: "நான் சொன்னதில பிழை இருக்குது. கனபேர் இன்னும் சாகேல்லை."

ஆறு வருடத்தில் நூற்று எழுபத்தாறு பேரின் கதையைக் கண்டுபிடித்தார். அந்த வயதில் அத்தனை ஆண்களை வேறு எங்கே எடுத்தாலும் சுவாசப்பைப் புற்றுநோயால் இரண்டு பேர் இறந்திருப்பார்கள். இங்கே ஒன்பது பேர். மீதி முப்பத்தெட்டுப் பேருக்கு நேரே 'தெரியாது' என்று எழுதியிருந்தது. அவர்களில் அநேகர் தமிழர்.

ஒன்பதாவது ஆள் ஹுசைன். மூட்டை உடைத்தவர். அவருடைய மனைவி பஹ்மியா நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1992இல் அந்த விசாரணைக்கு நேசம் அக்காவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். கொம்பனியின் சட்டத்தரணி கதிர்காமநாதன். அவரும் எங்கள் வெள்ளவத்தைக்காரர்தான். அக்காவுக்கு நல்ல பழக்கம். சாட்சி தமிழில் பேசலாம் என்று விசாரணை அதிகாரி அனுமதித்தார்.

"முப்பத்தெட்டுப் பேர் எங்கை, மிஸ்?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

"எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஓடினவை. எங்கையெண்டு எனக்குத் தெரியாது."

"அது இஞ்சை தேவையில்லாத கதை" என்றார் அதிகாரி.

"அவையள் எல்லாரும் கனடாவில சுகமா இருக்கினம் எண்டு வைப்பம், மிஸ். உங்கட கணக்குக் குறையும்தானே?"

"குறையும். ஆனா கொஞ்சம்தான்..."

"குறையும் எண்டதே போதும். ஹுசைன் பீடி பத்தினவரோ?"

"பத்தினவர்."

"அப்ப அவருக்கு இந்த வருத்தம் பெக்டரித் தூசியாலதான் வந்தது எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லுவீங்களோ?"

அக்கா முன்வாங்குப் பக்கம் திரும்பினார். பஹ்மியா அங்கே இருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது பேரில ரெண்டு பேர் எப்பிடியும் செத்திருப்பினம். மற்ற ஏழு பேரைத் தூசிதான் சாகடிச்சது. ஹுசைன் அந்த ரெண்டில ஒராளோ, இந்த ஏழில ஒராளோ எண்டு ஒருதராலையும் பிரிச்சுச் சொல்லேலாது."

"அப்ப உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

அதிகாரி அந்தக் கடைசிச் சொல்லை எழுதிக்கொண்டார். ஏழு பேரின் கதையை எழுதவில்லை. வழக்குத் தோற்றது.

படியில் வைத்துப் பஹ்மியா கேட்டார்: "ஏழு பேர்ல ஒருத்தர்ன்டு செல்லியிருந்தா என்ன மிஸ்? அது பொய்யாகவா போகும்?"

"பொய்யாப் போகக்கூடும், பஹ்மியா."

பஹ்மியா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் நேசம் அக்காவோடு கதைக்கவில்லை. அக்கா இரண்டுமுறை போய்ப் பார்த்தார். இரண்டுமுறையும் மகள் வாசலுக்கு வந்து, உம்மா தூங்குகிறார் என்று சொன்னாள். கதிர்காமநாதன் மட்டும் காலி வீதியில் காணும்போதெல்லாம் கைகூப்புவார். "உங்களைப்போல நேர்மையான சாட்சியை நான் கண்டதில்லை, மிஸ்." அக்கா பதிலுக்குக் கைகூப்பமாட்டார். வீட்டுக்கு வந்து, "நேர்மையாம்" என்று மட்டும் சொல்லி, அடுப்பைப் பற்றவைப்பார்.

அவர் அதோடு விட்டுவிடவில்லை. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று, கைக்கு எட்டிய உறவினரின் விலாசங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். அநேகத்துக்குப் பதில் வரவில்லை. வந்த இரண்டில் ஆள் உயிரோடு சுகமாக இருந்தார். அதையும் ஒளிக்காமல் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

சென்ற கிழமை ரொறன்ரோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கண்ணாடி உடைந்திருந்ததால் என்னை வாசிக்கச் சொன்னார். முப்பத்தெட்டுப் பேரில் ஒருவரான, வாளால் சீற் அறுத்த சிவானந்தனின் மகள் எழுதியிருந்தாள். "அப்பா போன மாசி மாதம் சுவாசப்பைப் புற்றுநோயால் காலமானார். அவர் வாழ்நாளில் சிகரெட்டோ பீடியோ தொட்டதில்லை. அவரை நினைவில் வைத்துத் தேடியதற்கு அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா."

"பத்துப் பேர்" என்றார் அக்கா. முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு!"

அடுத்த கணம், வலது கையை விரித்து, தன் வாயில் தானே ஓங்கி அடித்துக்கொண்டார்.