மயிலுக்கு வாங்கிய பென்சில்

எங்கள் பிளாக்கில் ஆதிலட்சுமி வீட்டைப்போல் துடைத்த வீடு கிடையாது. நெய்வேலியில் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தால், காலையில் டிவி மேலும் சாமி படத்து மேலும் கரித்தூசி உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரியான நானெல்லாம் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிடுவேன். அவள் விடமாட்டாள். பல் விளக்குவதற்கு முன்னாலேயே துணியை நனைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து அவளுக்கு இதே வேலைதான்.

அவள் புருஷன் கொளஞ்சிநாதன் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். வாட்டசாட்டமான மனுஷன். இரண்டாயிரத்துப் பதினாறில் ஒருநாள், ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். உயிர் தப்பியது. கால் மெல்ல வந்தது, பேச்சும் குழறலாக வந்தது. வலது கைதான் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண் மலர்விழி, ஆதியைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். “அக்கா, வெரலுக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும். இப்ப வுட்டா அப்படியே மடங்கிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. படத்துக்குக் கலர் அடிக்கச் சொல்லுங்க.”

ஆதி அன்றைக்கே கடைக்கு ஓடி, யானையும் ஆப்பிளும் போட்ட புத்தகம் ஒன்றும் கிரையான் பெட்டியும் வாங்கி வந்தாள். கொளஞ்சிநாதன் பார்த்தார். இடது கையால் ஒரே தள்ளு.

“நா என்னா, எல்கேஜியா?”

கிரையான் எல்லாம் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று. ஆதி குனிந்து பொறுக்கிக்கொண்டே அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எங்கே கேட்பது?

பெரியவர்களுக்கென்றே கலர் அடிக்கும் புத்தகம் வருகிறது என்று மலர்விழிதான் சொன்னாள். “பெரியவங்களுக்கா? வேற பொழப்பு இல்லியா அவங்களுக்கு?” என்றேன் நான். ஆதி விடவில்லை. ஜூலையில் புத்தகக் கண்காட்சி போட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு ஸ்டாலில் குவித்து வைத்திருந்தான். முதலில் எடுத்ததில் காடு, காட்டுக்குள் இலை, இலைக்குள் இன்னும் பொடிப்பொடியாகக் கோடு. “நல்லா இருக்கறவனே இதுக்கு மயக்கம் போட்டு வுழுவான்டி” என்று பிடுங்கி வைத்தேன். அடுத்தது தாள் மெல்லிசு. ஆதி புடவை பார்ப்பதுபோல் ஒவ்வொரு தாளையும் விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் கிடைத்தது ஒன்று: தடித்த கோடு, பெரிய பெரிய கட்டம், தாளுக்கு ஒரு பக்கம்தான் படம். பிரித்ததும் தோகை விரித்த மயில்.

அடுத்து, எதை வைத்து அடிப்பது? ஸ்கெட்ச் பேனா தாளில் ஊறிவிடும், கிரையானைத்தான் அவர் தொடமாட்டார். விரலுக்குப் பிடிபடும்படி தடித்த கலர் பென்சில் கேட்டோம். கடைக்காரன் ஒரு தகரப் பெட்டியை எடுத்து நீட்டினான். “இதுதாம்மா ஒசத்தி. ஃபாரின் சரக்கு. லேசா தொட்டாலே கலர் புடிக்கும்.”

அமுக்க வேண்டாம் என்றதும் ஆதியின் முகம் மலர்ந்துவிட்டது. மூடியின்மேல் ஒரு பிரஷ்ஷும் ஒரு சொட்டுத் தண்ணீரும் வரைந்திருந்தது. அழகுக்குப் போட்டிருக்கிறான் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

வீட்டில் கொளஞ்சிநாதன் வெகுநேரம் மயிலையே பார்த்தார். “ஒண்ணே ஒண்ணு. இந்தக் கையாலயே முடிக்கறேன். அதுக்கு மேல என்னத் தொந்தரவு பண்ணக் கூடாது.”

“முடிங்க, போதும்” என்றாள் ஆதி. ஒன்றை முடித்தால் அடுத்ததற்குத் தானாகக் கை போகும் என்று அவளுக்கு நம்பிக்கை.

பென்சில் நழுவும், ஆதி எடுத்துக் கொடுப்பாள், அவர் அவளையே திட்டுவார். கலர் கோட்டைத் தாண்டி ஓடும். “மயிலுக்கு மீசை மொளைச்சிருக்கேண்ணா” என்பேன். கோணல் வாயால் சிரிப்பார். தோகைக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் கட்டைவிரல் அசைந்தது. மலர்விழி அதைப் பார்த்துக் கைதட்டினாள்.

மயில் முடிந்த சாயங்காலம் ஆதி புத்தகத்தை மூடப் போனாள். “மூடாத. தெறந்தே கெடக்கட்டும். காலைல அந்தப் பொண்ணு வந்து பாக்கணும்” என்றார்.

மறுநாள் காலையில் ஆதியின் அலறல் கேட்டு ஓடினேன். பச்சையும் நீலமும் ஒன்றாகக் கரைந்து தாள் முழுக்க வழிந்திருந்தது. அவள் கையில் இருந்த ஈரத்துணியும் நீலம்.

“தூசி படிஞ்சிருந்துச்சுக்கா. மயிலு மேல கரித்தூசி. எப்பவும்போல தொடச்சேன்க்கா” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தண்ணீர் பட்டால் கரையும் பென்சில். மூடியிலேயே சொட்டுப் போட்டு வைத்திருந்தானே, படுபாவி! யாரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

கொளஞ்சிநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். தாளைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வுடு” என்றார். நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆதி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். கரையாத பென்சில் வாங்கி வந்தாள். மலர்விழி சொல்லிப் பார்த்தாள், நான் சண்டையே போட்டேன். எல்லோருக்கும் ஒரே பதில்தான். “சொன்னபடி முடிச்சிட்டேனே.”

அவர் முடித்தது உண்மை. அதைக் காட்டத் தாள்தான் இல்லை. மாதம் போகப் போக ஒவ்வொரு விரலாக உள்ளே மடங்கி, கை இறுக மூடிக்கொண்டது.

ஆதி இப்போதும் விடிந்ததும் துணியை நனைத்துக்கொண்டுதான் வருகிறாள். நேராக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விரல்களை வலிக்காமல் ஒவ்வொன்றாக நெம்பி, உள்ளங்கை வேர்வையைத் துடைக்கிறாள். துடைத்துவிட்டுக் கையை எடுத்ததும் அது திரும்ப மூடிக்கொள்கிறது.