தண்ணீரும் நின்றது

முதலில் நின்றது சோறோ சப்பாத்தியோ அல்ல, தண்ணீர். அலுவலக கேன்டீனில் ஒரு வாய் குடித்தேன். அது நெஞ்சுக்கூட்டின் நடுவில் போய் நின்றுகொண்டது. வலி இல்லை, மூச்சு முட்டவில்லை. உள்ளே யாரோ கதவைச் சாத்திவிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். சற்று நேரத்தில் எல்லாம் சில்லென்று இறங்கிவிட்டது.

பாதுகாப்புத் துறை சார்ந்த தொழிற்சாலை ஒன்றில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு அல்வாலில், தெலுங்கும் ஹிந்தியும் புழங்கும் ஊர். குழாயில் ஒரு திரவம் நின்றால் ஏன் நின்றது என்று கேட்பது என் தொழில். அதனால் பயத்துக்கு முன்பு வந்தது ஆர்வம்தான். குளிர்ந்த மோர் நிற்கும், வெந்நீர் போகும். ஒரு நாள் தோசை போகும், மறுநாள் ரசம் நிற்கும். இதில் எனக்கு ஓர் ஒழுங்கும் பிடிபடவில்லை.

பக்கத்து கிளினிக்கில் "சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது" என்றேன். அமிலத்துக்கு மாத்திரை தந்தார்கள். வேலையில் டென்ஷனா என்று கேட்டார்கள். தண்ணீரும் நிற்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால், முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்.

நாளாக ஆக, எழுந்து நின்று, இரண்டு கைகளையும் பின்னால் கோத்து, நெஞ்சை முன்னால் தள்ளி, ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தால் எல்லாம் ஒரே மொத்தமாக இறங்குவதைக் கண்டுபிடித்தேன். இதை மற்றவர்கள் முன்னால் செய்ய முடியுமா? சமையலறையில் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தேன். நான் விரதம் இருப்பதாக என் கணவர் மூர்த்தி நினைத்துக்கொண்டார். கல்லூரியில் படிக்கும் மகள் நித்யா, "சூப்பர்மா, வெயிட் குறைஞ்சிருக்கு!" என்றாள். ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன்.

பிறகு இருமல் வந்தது. காலையில் தலையணையில் முந்தைய நாள் சாப்பிட்ட பருப்பு இருந்தது. அதைப் பார்த்தவர் மூர்த்தி.

"செல்வி, இது வாந்தியா?"

"இல்லைங்க. வயித்துக்கே போகலை. அதனாலதான் புளிக்கலை பாருங்க."

அவர் தலையணை உறையை மோந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். அவருடைய அண்ணன் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் போனவர். அந்த வார்த்தையை நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

குடல் நோய் மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "திடமா, திரவமா, இரண்டுமா?" என்பதுதான். இரண்டும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சரியாகப் பார்த்தார். எண்டோஸ்கோப்பியில் (கேமரா குழாய் மூலம் உள்ளே பார்ப்பது) புற்று எதுவும் இல்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு பேரியம் (எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைக் கூழ்) குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். மேலே பருத்து, கீழே வால் போல் சிறுத்து, ஒரு முள்ளங்கி தெரிந்தது. அதுதான் என் உணவுக்குழாய்.

கடைசியாக மேனோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனை. கண்ணில் நீர் வழிய, குமட்டலை அடக்கியபடி, நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மிடறுக்கும் மேலிருந்து கீழே ஓர் அலை ஓட வேண்டுமாம். என் படத்தில் அலையே இல்லை. அடியில் மட்டும் அழுத்தம் விடாத ஒரு பட்டை.

"அகலேசியா," என்றார் டாக்டர். (உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை, விழுங்கும்போது தளராமல் இறுகியே கிடக்கும் நோய்.) "தள்ளவும் மாட்டேங்குது, திறக்கவும் மாட்டேங்குது. வாய் வழியாப் போய், உள்ளிருந்தே அந்தத் தசையை வெட்டித் தளர்த்தலாம். திறக்க வைக்க முடியும். தள்ள வைக்க முடியாது."

வார்டில் என்னைக் கவனித்துக்கொண்டவர் ஸ்வரூபா சிஸ்டர். அவர் தெலுங்கில் கேட்பார், நான் எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொல்வேன். வந்ததும், "அடைச்சுக்கிட்டா என்ன செய்வீங்க? செஞ்சு காட்டுங்க," என்றார். வெட்கமாக இருந்தது. எழுந்து, கையைப் பின்னால் கோத்து, நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "கரெக்ட். இதைச் சொல்லிக் கொடுக்காமலே நிறைய பேர் கண்டுபிடிச்சிடறாங்க," என்றார்.

உலகத்தில் எங்கெங்கோ சமையலறைகளில், முன்பின் தெரியாத மனிதர்கள் இதே மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார்கள். அந்த எண்ணம் எனக்கு எந்த மாத்திரையும் தராத ஆறுதலைத் தந்தது.

சிகிச்சைக்கு முன் சில நாட்கள் நீராகாரம் மட்டும். மயக்க மருந்து தரும்போது உணவுக்குழாயில் தேங்கியது நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. கட்டிலின் தலைப்பக்கம் எப்போதும் உயர்ந்தே இருந்தது. தேங்கிய உணவால் வாயில் பூஞ்சை படியும் என்று நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்த்து, சிஸ்டர் மருந்துத் தண்ணீரால் கொப்பளிக்க வைத்தார். மூர்த்தி ஆசையாக இளநீர் வாங்கி வந்தார். உள்ளே வழுக்கை மிதக்கிறது என்று அதையும் சிஸ்டர் வடிகட்டித்தான் கொடுத்தார்.

வெட்டித் தளர்த்தும் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அன்று மாலை கழுத்து கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாகச் சொன்னேன். மூர்த்தி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். தோலுக்கு அடியில் ஏதோ பொறபொறவென்று நொறுங்கியது.

"சிஸ்டர்! சிஸ்டர்!"

ஸ்வரூபா வந்து விரல் நுனிகளால் கழுத்திலிருந்து காறை எலும்பு வரை அழுத்திக்கொண்டே போனார். பொறபொறப்பு எங்கே முடிகிறதோ அங்கே தோலில் பேனாவால் கோடு போட்டார். நாடி, மூச்சு, காய்ச்சல் எல்லாம் பார்த்தார். "பேசுங்க, குரல் மாறுதா பாக்கணும்," என்றார்.

"என்ன பேச?"

"உங்க பொண்ணைப் பத்திப் பேசுங்க."

பேசினேன். அதற்குள் டாக்டரும் வந்துவிட்டார். சிகிச்சையின்போது உள்ளே செலுத்திய வாயு சில சமயம் தோலுக்கடியில் ஏறிவிடுமாம், பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடுமாம். ஆனால் உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். எது என்று காத்திருந்துதான் பார்க்க வேண்டும். மூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சிஸ்டர் திரும்பத் திரும்ப வந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் போனதும் நானே மெல்ல அழுத்திப் பார்த்தேன். பார்சலில் வரும் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக்கை அழுத்துவது போலவே இருந்தது. என் தோலுக்கடியில் காற்று!

பொறபொறப்பு கோட்டைத் தாண்டவில்லை. மறுநாள் காலை கழுத்து தளர்ந்திருந்தது. எக்ஸ்ரே அறையில் சாயத் திரவத்தைக் குடிக்கவைத்தார்கள். கசிவு இல்லை. அது நிற்காமல் இறங்கியதைத் திரையில் பார்த்தேன்.

வார்டுக்குத் திரும்பியதும் சிஸ்டர் என்னை நேராக உட்காரவைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் தந்தார். "விழுங்கிட்டு என்ன ஆகுதுன்னு சொல்லுங்க."

விழுங்கினேன். காத்திருந்தேன். "ஒண்ணும் ஆகலை, சிஸ்டர்," என்றேன்.

"அதுதான் வேணும்," என்றார். என்னவோ, அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்தபின் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு மூர்த்தி மரக்கட்டைகள் வைத்தார். வால்வு போலிருந்த அந்தத் தசை தளர்ந்துவிட்டதால் இனி வயிற்று அமிலம் மேலேறும். அதற்கு மாத்திரை உண்டு. கிளினிக்கில் தேவையில்லாமல் தின்ற அதே வகை மாத்திரை, இப்போது தேவையாகிவிட்டது. சாதத்தைக் குழைய மென்று, உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிடுகிறேன், எல்லோருடனும் மேஜையில்.

அலை திரும்பவில்லை, இனியும் திரும்பாது. என் உணவுக்குழாய்க்கு இப்போதும் தள்ளத் தெரியாது. நான் சாப்பிடுவது இறங்குவதே பூமி இழுப்பதால்தான். தரையில் விழும் சாவிக்கொத்தையும் நான் விழுங்கும் இட்லியையும் ஒரே விசைதான் கீழே கொண்டுபோகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. சாப்பிட்டதும் படுக்க முடியாது. அதனால் என் மாலைகள் நீண்டுவிட்டன. முன்பு அந்த நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை.

போன வாரம் சாப்பிட்டு முடித்து சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நித்யா போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெரும்பாலும் ஹிந்தியிலோ இங்கிலீஷிலோதான் பதில் சொல்பவள்.

"டிவி போடவா?" என்றேன்.

"நக்கோமா, வேணாம். நீ அந்த மோர் குடி, நான் பாக்கணும்."

சில்லென்ற மோர். ஒரு மிடறு விழுங்கினேன். அவள் என் தொண்டையையே பார்த்தாள்.

"இப்போ எங்கே இருக்கு?"

கழுத்துக் குழியில் விரலை வைத்துக் காட்டினேன்.

"இப்போ?"

விரலை நெஞ்செலும்பின் மேல் மெல்ல இறக்கினேன். அவள் குனிந்து, தன் விரலை என் விரலுக்குப் பக்கத்தில் வைத்து, கூடவே இறக்கிக்கொண்டு வந்தாள். நாங்கள் இருவரும் மோர் இறங்கக் காத்திருந்தோம்.