இங்கே யாரும் வசிக்கவில்லை

சித்தியின் கட்டில் கூரைக்கு ஏறியதைப் பார்த்த கணத்தில்தான் இந்த நகரத்து லொஃப்ட்களின், ஆட்கள் குடியேறிய பழைய தொழிற்சாலைத் தளங்களின், வரலாற்றை எழுதவேண்டும் என்று எனக்குப் பட்டது. அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். சித்தி யாரோ சிநேகிதியோடு இருக்கிறார் என்றுதான் வீட்டில் அதுவரை சொல்லியிருந்தார்கள். ரொறொன்ரோவின் மேற்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் கோட்டுத் தைத்த பழைய தொழிற்சாலையின் நான்காம் மாடியில், அவர் தந்த தேநீரை ஊதிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து யாரோ தண்ணீர்க் குழாயில் மூன்று தரம் தட்டினார்கள். கட்டடத்தைப் பார்வையிட ஆள் வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். சித்தி கப்பிக் கயிற்றை இழுத்தார். கட்டில் தலையணையோடு மேலே போய் உத்தரங்களுக்கு இடையில் ஒட்டிக்கொண்டது. ரைஸ் குக்கர் துணி ரோல்களுக்குப் பின்னால் போனது, பல்துலக்கி ஊசிப் பெட்டிக்குள். நான் கோப்பையை எங்கே ஒளிப்பதென்று முழித்தேன். "கையிலையே வைச்சிரு பிள்ளை. வேலை செய்யிற ஆக்களும் தேத்தண்ணி குடிப்பினம்தானே." வந்தவர் அரங்கேற்ற உடுப்புத் தைக்கும் இடமொன்றைக் கண்டார், கையெழுத்து வைத்தார், போனார்.

அங்கே படுத்து எழும்புவது ஒப்பந்தப்படி தவறு. அது தையல் வேலைத்தலம். பொய்யுமில்லை, ஸ்காபரோப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த மேசையில் தைத்த உடுப்போடுதான் மேடையேறினார்கள். ஆனால் அதே மேசையில்தான் சித்தி சாப்பிட்டதும். ஆடைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிப்போனபின், வெறுமையாய்க் கிடந்த தளங்களை ஓவியர்களும் இசைக்காரரும் வேலைத்தலம் என்று சொல்லி எடுத்துக் குடியேறினார்கள். உயரமான யன்னல், தடித்த மரத்தூண், சத்தம் என்று முறைப்பாடு செய்ய அக்கம்பக்கத்தில் ஆளில்லை. நித்திரை கொள்ள எடுத்த இடத்தில் பாட்டுப் போட்டுக் கூடி ஆடத் தொடங்க வேறென்ன வேண்டும்? விலாசம் வாய்வழியாகத்தான் போகும், படம் எடுக்கக்கூடாது. இன்றோ, ஒருநாளும் தொழிற்சாலையாக இருந்திராத புதுக் கொண்டோ அடுக்குமாடிகளுக்கு லொஃப்ட் என்று பெயர் ஒட்டி விற்கிறார்கள். அந்த விளம்பரப் பலகைகளைக் கண்டால் முன்பு கோபம் வரும். இப்போது அலுப்புத்தான் வருகிறது.

சித்தியின் இடத்தில் ஆட்டம் ஞாயிறு மத்தியானம். கீழ்த்தளத்தில் மெத்தையுறை தைப்பவர்களுக்கு அன்று லீவு. மேசைகளைச் சுவரோடு தள்ளி, கால் வழுக்குவதற்காகப் பலகைத் தரையில் குழந்தைப் பவுடரைத் தூவுவார்கள். ஒலிபெருக்கியில் பேஸ் இசை தொடங்கினால் அதிர்வு உள்ளங்காலுக்குள் ஏறும். பெட்டிக்குள் ஊசிகள் சலசலக்கும். கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவைக் கழற்ற மறந்து, கண்ணை மூடி, யாருக்காகவும் இல்லாமல் ஆடுகிற சித்தியை நான் அங்கேதான் கண்டேன். நான் சிறுமியாக இருந்த காலம் தொட்டு, ஞாயிறு பின்னேரங்களில் அவர் மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போய்விட்டு வருவதாகச் சொல்வார். அம்மா வாசலில் நின்று வெள்ளை படிந்த சப்பாத்தைப் பார்ப்பார்.

"உந்தக் கோயிலிலை இப்ப திருநீறு காலுக்கோ பூசினம்?"

"சரியான சனம் அக்கா. கொட்டுப்பட்டிட்டுது."

அம்மா அதற்கு மேல் கேட்கமாட்டார். ஊராக்கள் விசாரித்தால் தங்கச்சி எங்களோடுதான் என்று சொல்லிவிடுவார். சித்தியின் கடிதங்கள், லைசென்ஸ் எல்லாம் எங்கள் விலாசத்துக்கே வந்தன.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த வரலாற்றை ஒரே மூச்சில் எழுதி இணையத்தில் போட்டேன். சித்தியைக் காட்டிக்கொடுக்கக்கூடாதே என்று வெகு கவனமாக ஒரு வரி சேர்த்தேன்: இங்கே யாரும் வசிக்கவில்லை. அந்தக் கெட்டித்தனத்தில் எனக்குப் பெருமை வேறு. இந்த வருடம் கட்டடம் கைமாறியது, இடிக்கப்போகிறார்கள். குடியிருந்தவர் என்று நிரூபித்தால் சித்தியை அங்கிருந்து இலகுவில் எழுப்ப முடியாது. தையற்காரி மட்டும்தான் என்றால் மாத முடிவோடு கதவைப் பூட்டிவிடலாம். புது உரிமையாளரின் வழக்கறிஞர் அனுப்பிய கடிதக் கட்டுக்குள் என் கட்டுரை இருந்தது. அந்த வரிக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள். சித்தி அதை இரண்டு தரம் வாசித்தார். "வடிவாத்தான் எழுதியிருக்கிறாய்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னிலை பிழையில்லை பிள்ளை. நானும் அப்பிடித்தானே இருந்தனான்" என்றார்.

மூன்று கிழமையாகச் சாட்சி தேடுகிறேன். அந்தத் தரையில் ஆடியவர்கள் இப்போது மிசிசாகாவில் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு ஏற்றி இறக்குகிறார்கள். "படமொண்டும் எடுக்கேல்லையே தங்கச்சி, அவ விடேல்லை." "ஆடத்தானே வந்தனாங்கள், கட்டிலை ஆர் கண்டது?" ஒருவரும் காணாதபடி வாழ்ந்ததுதான் சித்தியின் சாமர்த்தியம். அதையே இப்போது யார்யாரிடமோ தொலைபேசியில் மறுத்துச் சொல்லிச் சொல்லி என் குரலே எனக்குப் புளித்துவிட்டது.

போன கிழமை, விசிறிமடிப்புத் தைத்துக்கொண்டிருந்த சித்தி தலை நிமிராமலே சொன்னார்: "ஏன் உலகமெல்லாம் தேடுறாய்? கொம்மா மூண்டு கிழமை இஞ்சைதானே படுத்தவ. கொப்பரோடை கோவிச்சுக்கொண்டு."

எனக்குப் பத்து வயது அப்போது. உறவுக்காரி ஒருத்தியின் பிள்ளைப்பேறு பார்க்க மொன்றியலுக்குப் போவதாக அம்மா சொன்னார். அப்பா தினமும் பருப்பைக் கருக்கினார். அம்மா அந்தப் படியில் கால் வைத்ததே இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாமே என்று துள்ளினேன். சித்தி மெஷினை நிறுத்தினார். "வேண்டாம். அவவைச் சனத்துக்கு முன்னாலை நிப்பாட்டி எனக்கொரு இடம் தேவையில்லை."

விசாரணை அடுத்த மாதம். என் வரி பொய் என்று கையெழுத்து வைத்துக் கொடுக்கப்போகிறேன். அது மட்டும் போதாது என்று சட்ட உதவி செய்யும் பெண் சொல்லிவிட்டார். ஆகவே நாளைக்குச் சித்திக்குச் சொல்லாமல் மில்லிக்கனுக்குப் போகிறேன். இந்தக் குறிப்பையும் அம்மாவுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவேன். அவர் ஓம் என்றால்தான் இது வெளியே போகும். அம்மா அந்த மொன்றியல் கதையில் இருந்துதான் தொடங்குவார். மறுத்துக் கதைக்க எனக்குத் தெம்பில்லை. அங்கே படுத்து எழும்பியவருக்கே தெரிந்த ஒன்றை மட்டும் கேட்பேன்: விடியும்போது சித்தியின் வீட்டில் வெயில் முதலில் எந்தச் சுவரில் விழும்?